ஸ்பெயின் போகும் பாலக்காட்டுத் தமிழர் எதை முதலில் படிக்க வேண்டும்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஸ்பானிஷ் ஒலிகளில் பாதி ஏற்கெனவே தெரியும். ஸ்பானிஷ் சொல்லை ஆங்கிலம்போல வாசிக்கப் பழகினால் அந்த வசதி கெட்டுவிடும். அதனால் முதல் இரண்டு வாரம் இலக்கணத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் பிடியுங்கள்.

உயிரொலி ஐந்துதான்: அ, எ, இ, ஒ, உ. எந்தச் சொல்லில் வந்தாலும் மாறாது. ‘பெரோ’ என்றால் ஆனால். ‘பெறோ’ என்றால் நாய். மலையாளத்தில் ‘மற’ என்னும்போது வரும் றகரத்தை இன்னும் கொஞ்சம் உருட்டினால் போதும். ஞகரமும் நம்முடையதே: ‘எஸ்பாஞா’. தடுக்கும் இடம் பகரம். முத்தமும் எடையும் தமிழ் எழுத்தில் ஒரே ‘பேசோ’தான், முத்தத்துக்கு மட்டும் ‘பம்பரம்’ என்பதில் இரண்டாவதாக வரும் பகரத்தின் ஒலி. மலையாளம் எழுதத் தெரிந்தவர்கள் குறிப்பேட்டை அந்த எழுத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது, இந்தக் குழப்பம் வராது.

அடுத்து பெயர். அங்கே எல்லாப் படிவத்திலும் இரண்டு குடும்பப்பெயருக்குக் கட்டம் இருக்கும். நமக்கோ இனிஷியல், அல்லது அப்பா பெயர். ஓரிடத்தில் அப்பா பெயரைக் குடும்பப்பெயராகவும் வேறிடத்தில் நடுப்பெயராகவும் எழுதினால், வங்கியும் போலீஸ் அலுவலகமும் உங்களை இரண்டு ஆளாகப் பதிந்துவிடும். பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையை எங்கும் மாற்றாதீர்கள். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டு, ‘சோலோ தெங்கோ உன் அபெயிதோ’, அதாவது எனக்கு ஒரே குடும்பப்பெயர்தான், என்று சொல்லுங்கள். பெயரை எழுத்தெழுத்தாக ஸ்பானிஷில் சொல்லவும் பழக வேண்டும். அங்கே உங்களுக்குத் தரும் வெளிநாட்டவர் அடையாள எண்ணில் ஏழு இலக்கத்துக்கு முன்னும் பின்னும் ஓர் எழுத்து வரும். கவுன்டரில் அதையும் வாயால் சொல்லச் சொல்வார்கள்.

சான்றிதழ் விஷயத்தில் எல்லைக்காரர்களுக்குத் தனிச் சிக்கல். பிறப்புச் சான்றிதழ் கேரளாவுடையது, பட்டம் கோயம்புத்தூருடையது என்றால் மாநில அளவிலான சரிபார்ப்பை அந்தந்த மாநிலத்தில்தான் செய்ய வேண்டும். பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல வைக்கும் முத்திரை. அதற்கும் பிறகே ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு. முந்திச் செய்தால் அப்போஸ்டில் முத்திரை மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும், இரண்டாம் முறை காசு போகும். மொழிபெயர்ப்பாளர் ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்தவராக இருக்கட்டும்.

போனதும் கேட்கும் முதல் சொற்கள் ‘சீத்தா ப்ரேவியா’ (முன்பதிவு), ‘பத்ரோன்’ (உள்ளாட்சி அலுவலகத்தில் முகவரிப் பதிவு). பத்ரோனுக்குப் பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் எடுத்துப் போங்கள். பேச்சு புரியாவிட்டால் ‘மெ லோ புவேதெ எஸ்க்ரிபீர்’, எழுதித் தருவீர்களா, என்று கேளுங்கள். வேகத்தில் நழுவியது காகிதத்தில் புரிந்துவிடும். அலுவலகத்திலும் பெரியவர்களிடமும் ‘உஸ்தெத்’ என்று, நாம் ‘நீங்கள்’ போடுவதுபோலப் பேசுங்கள்.

டாக்டரிடம் வலிக்கும் இடத்தைக் காட்டி ‘மெ துவெலே அகீ’. அவசரத்துக்கு 112. சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘கறி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் சாலட்டில் சூரை மீன் வரும். மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘நி கார்னே நி பெஸ்காதோ’.

குடியுரிமை கேட்கும் காலத்தில் டெலே ஏ2 என்ற தொடக்கநிலை ஸ்பானிஷ் தேர்வும், 25 கேள்வியில் 15 சரியாக வேண்டிய, ஸ்பெயினின் அரசியலமைப்பும் சமூகமும் பற்றிய தேர்வும் உண்டு. அது பின்னால். பார்சிலோனா பக்கம் குழந்தைகளோடு போகிறவர்கள் இப்போதே கவனிக்க வேண்டியது வேறு: அங்கே அரசுப் பள்ளியில் பாடம் பெரும்பாலும் கத்தலான் மொழியில். சேர்க்கும்போதே புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.