ஏ40 என்று மட்டும் கேட்காதீர்கள்: பழைய கார் திருத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலண்டனில் இருக்கும் சித்தப்பாவின் மகன் அனுப்பிய பொதி மூன்று வாரம் கழித்துக் கொக்குவிலுக்கு வந்து சேர்ந்தது. உறையில் 'ஒஸ்ரின் ஏ40, ஹெட் காஸ்கெற்' என்று தெளிவாகவே எழுதியிருந்தது. எஞ்சினின் உடலான பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில் வைக்கும் தகடு அது. துடைத்து வைத்திருந்த பிளாக்கின் மேல் அதை விரித்தேன். பிளாக்கில் நிற்கும் ஸ்ரட், அதாவது மரையுள்ள கம்பி, ஒன்றுகூட அதன் துளைக்குள் இறங்கவில்லை. சிலிண்டருக்கான வட்டங்களும் சிறியவை. பிழை தம்பியினுடையது அல்ல, கடைக்காரருடையதும் அல்ல. 'ஏ40 காஸ்கெற் ஒன்று எடுத்து அனுப்பு' என்று சொன்னது நான்தான்.

ஏ40 என்ற பெயரில் ஒஸ்ரின் நிறுவனம் முற்றிலும் வேறான கார்களை விற்றது. 1947இல் வந்த டெவன், 1952இல் வந்த சோமர்செற் இரண்டிலும் 1200 சீசீ எஞ்சின். 1954இல் வந்த ஏ40 கேம்பிரிட்ஜிலும் 1200 சீசீதான், ஆனால் அது புதிதாக வடிவமைத்த பி-சீரிஸ் எஞ்சின். 1958இல் வந்த ஏ40 ஃபரீனாவில் இருப்பதோ மொறிஸ் மைனரில் உள்ள சிறிய ஏ-சீரிஸ் எஞ்சின்: முதலில் 948 சீசீ, பிறகு 1098 சீசீ. என் சோமர்செற்றுக்கு வந்தது ஃபரீனாவின் காஸ்கெற். மைனர் வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. 1948 முதல் 1971 வரை வந்த அந்தக் காரில் 918, 803, 948, 1098 என நான்கு அளவுகளில் எஞ்சின் இருந்திருக்கிறது.

ஆகவே காரின் பெயரைச் சொல்லிப் பாகம் கேட்பதுதான் முதல் தவறு. எஞ்சின் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். மைனரில் அது 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்று தொடங்கினால் 1098.

அந்த இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து எழுதக் கூடாது. எஞ்சினில் இருப்பதைத் துடைத்துப் படிக்க வேண்டும். மற்ற ஊர்களை விட யாழ்ப்பாணத்தில் இது முக்கியம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது இங்கே பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. இந்தக் கார்களை ஓட வைத்தவர்கள் கிடைத்ததைக் கொண்டு ஓட வைத்தார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒரு காரின் கியர்பெட்டி இன்னொன்றுக்குப் போனது. நோயாளியையும் பிரசவத்துக்குப் போன தாயையும் சுமந்தவை அந்தக் கார்கள்தான். அவற்றைக் கழற்றிப் பூட்டிய கைகளை நான் மதிக்கிறேன். ஆனால் இன்று உங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் கார், கையேட்டில் படம் போட்டிருக்கும் கார் அல்ல. கையேட்டை நம்பிப் பாகம் எடுப்பவர் இங்கே இரண்டு முறை காசு கொடுப்பார்.

மண்ணெண்ணெய் முழுமையாக ஆவியாவதில்லை. எரியாத பங்கு பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அப்படி ஓடிய எஞ்சின்களின் சிலிண்டர்கள் தேய்ந்து, பிறகு கடைந்து பெரிதாக்கப்பட்டிருக்கும். அதற்குச் சாதாரண அளவு வளையம் எடுத்தால் வீண். ஹெட்டைக் கழற்றி, பிஸ்ரனின் தலையில் உள்ள கரியை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். 020, 040, 060 என்று ஏதாவது பொறித்திருந்தால், அளவை அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு கூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எந்த இலக்கமும் இல்லையென்றால் மைக்ரோமீற்றர் உள்ள லேத் பட்டறையில் அளந்துகொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து பாகம் எடுப்பவர்கள் அம்பாசடரை நினைப்பார்கள். அது நல்ல யோசனைதான். மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டிலிருந்து பிறந்த அந்தக் கார் 2014 வரை உற்பத்தியானது. அதன் பழைய 1489 சீசீ பெற்றோல் எஞ்சின் பி-சீரிஸ் வகை என்பதால், ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜ் வைத்திருப்பவருக்கு அது பெரிய உதவி. சோமர்செற்காரருக்கும் மைனர்காரருக்கும் அந்த எஞ்சின் பாகம் உதவாது. அம்பாசடரிலேயே பின்னாளில் இசுசு எஞ்சினும் டீசல் எஞ்சினும் வந்துவிட்டன என்பதையும் மறக்க வேண்டாம். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். படம் போதாது. புதியது பொருந்தி, கார் ஒரு மாதம் ஓடும்வரை பழையதை இரும்புக்காரருக்குப் போடவும் வேண்டாம்.

மரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சரிசெய்ய முடியாத சேதம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. ஐம்பதுகளின் தொடக்கத்துக் கார்களில் பி.எஸ்.எஃப் என்ற பழைய பிரித்தானிய அங்குல மரை, பிறகு யு.என்.எஃப் என்ற வேறோர் அங்குல மரை, இடையில் சில ஆண்டுகள் இரண்டும் கலந்து. இன்று எந்தக் கடையிலும் கிடைப்பது மெற்றிக். 5/16 அங்குல போல்ற்றின் தடிப்பு 7.94 மில்லிமீற்றர், எம்8 போல்ற்றின் தடிப்பு 8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஓர் அங்குலத்துக்கு யு.என்.எஃப்பில் 24 மரை, பி.எஸ்.எஃப்பில் 22, எம்8இல் ஏறத்தாழ 20. எம்8ஐ விரலால் திருகினால் இரண்டு சுற்று இறங்கும், பிறகு இறுகும். 'துரு பிடித்திருக்கிறது' என்று ஸ்பானரைப் போடுவார்கள். அதுவும் இறங்கும், பிளாக்கின் மரையை அரைத்துக்கொண்டு. வெளியே எடுத்தால் போல்ற்றின் நுனியில் இரும்புத்தூள் மினுங்கும். பழைய போல்ற்றையும் புதியதையும் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இடையில் ஒளி தெரிந்தால் அது அந்தத் துளைக்கு உரியதல்ல. கடைசிவரை விரலால் போகாத போல்ற்றை ஒருபோதும் ஸ்பானரால் தள்ளாதீர்கள்.

கோளாறைக் கண்டுபிடிக்காமல் பாகம் மாற்றுவது அடுத்த தவறு. கார் சூடானதும் நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் ஆறினால் ஓடுகிறது. உடனே காபரேற்றரைக் கழற்றுகிறார்கள். அதற்கு முன், நின்ற அதே நிமிடத்தில் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் உடம்பில் படவைத்து, சுற்றிப் பெற்றோல் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, சுழற்றிப் பாருங்கள். பொறி இல்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து வருகிறது என்றால் பொறியை உண்டாக்கும் பாகங்களான கண்டென்சரையும் கொயிலையும் பொயின்ற்ஸையும் பாருங்கள். 948, 1098 மைனரில் பொயின்ற்ஸ் இடைவெளி 0.015 அங்குலம். காபரேற்றருக்கு இதில் பங்கே இல்லை.

எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுவதற்கு இங்கே ஒரு காரணம் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக் கற்பாறைக்குள்ளிருந்து வரும் நம் தண்ணீர் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். றேடியேற்றருக்குள்ளும் பிளாக்குக்குள்ளும் அதுவேதான் படிகிறது. தண்ணீர் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது இதற்கு மருந்தல்ல. படிவை எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரோ சுத்தமாகப் பிடித்த மழைநீரோ கூலன்ற்றுடன் சேர்த்து ஊற்றுங்கள்.

வால்வைத் தள்ளும் ரப்பெற்றில் சத்தம் கேட்கிறது என்று அதன் இடைவெளியைக் குறைத்து ஓசையை அடக்குகிறவர்களும் இருக்கிறார்கள். 948, 1098 மைனருக்கு உரிய இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம். அதைக் குறைத்தால் வால்வு முழுதாக மூடாது, சூட்டில் எரிந்துபோகும். ஈயம் கலந்த பெற்றோல் இல்லாத இக்காலத்தில் பழைய வால்வு இருக்கைகள் தேய்ந்து, இடைவெளி தானாகவே குறைந்துவருகிறது. மெல்லிய டக்டக் ஒலி இருக்கட்டும்.

பற்றரி மாற்றும்போது: இந்தக் கார்கள் பலவற்றில் உடம்போடு சேர்வது நேர்முனை. இன்றைய வழக்கப்படி எதிர்முனையை உடம்பில் பூட்டாதீர்கள்.

பிறேக் விடயத்தில் எந்தச் சமாளிப்புக்கும் இடமில்லை. பிறேக் ஒயிலில் எஞ்சின் ஒயிலோ வேறு கனிம எண்ணெயோ கொஞ்சம் கலந்தாலும் பிறேக் றப்பர்கள் ஊதிப் பழுதாகிவிடும். 'பெட்டி பிரிக்காத அசல் பாகம்' என்று ஐம்பது ஆண்டு பழைய றப்பரை ஆசையோடு வாங்கிப் பூட்டுகிறார்கள். உலோகப் பாகம் என்றால் நானும் அதையே தேடுவேன். றப்பர் பெட்டிக்குள்ளேயே முதுமையடைகிறது. புதிதாக வார்த்ததையே வாங்குங்கள்.

மைனர் வைத்திருப்பவர்கள் முன்சில்லின் ட்ரனியனை மறந்துவிடுகிறார்கள். சில்லு திரும்பும் தண்டு அதற்குள் மரையில்தான் நிற்கிறது. கிரீஸ் வற்றினால் மரை தேயும். தேய்ந்து முடிந்தால் ஒருநாள் வளைவில் திருப்பும்போது சில்லு மடிந்து காருக்கு அடியில் போய்விடும். காரை ஜாக்கில் உயர்த்தி, சில்லு நிலத்தில் படாதபோது கிரீஸ் அடித்தால்தான் அது மரைக்குள் முழுதாகப் போகும். நான் மாதம் ஒருமுறை அடிக்கிறேன். அடிப்பதற்கு முன் சில்லை இரு கைகளாலும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புதிய ட்ரனியன் வரும்வரை கார் ஜாக் ஸ்ராண்டிலேயே நிற்கட்டும், கோயில் திருவிழாவுக்கு ஓட்டோவில் போங்கள்.