மான்சனிட்டா ஏரிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: படிப்படியாக ஒரு வழிகாட்டி

வடக்குக் கலிஃபோர்னியாவில், லாசன் எரிமலைத் தேசியப் பூங்காவின் வடமேற்கு வாசலைத் தாண்டியதுமே இந்த ஏரி வந்துவிடும். பலர் காரை நிறுத்தி ஒரு படம் எடுத்துவிட்டு, மலையேறக் கிளம்பிவிடுகிறார்கள். இங்கே அரை நாளாவது செலவிட வேண்டும் என்பது என் கட்சி.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஏரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூங்காவின் குறுக்கே போகும் சாலை பனியால் பல மாதம் மூடிக் கிடக்கும். சில வருடங்களில் ஜூன் மாதத்திலும் திறக்காது. ஏரிவரைக்கும் உள்ள துண்டில் மட்டும் குளிர்காலத்திலும் பனியை அகற்றுகிறார்கள். சாலை நிலவரத்தையும் நுழைவுக் கட்டணத்தையும் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 2: ரெட்டிங் நகரத்தில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்

ரெட்டிங்கிலிருந்து 44-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டரில் ஏரி. பெட்ரோல், தண்ணீர், சாப்பாடு எல்லாம் ரெட்டிங்கிலேயே. மேலே கைபேசி சிக்னலை நம்ப முடியாது; வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். கோடையில் ரெட்டிங் 40 டிகிரியில் கொதிக்கும்போது ஏரிக்கரையில் விடியற்காலை நடுங்க வைக்கும், ஸ்வெட்டர் அவசியம். முகாமில் கூடாரம் போட்டுத் தங்குவதானால் முன்பதிவு செய்யுங்கள். கரடிகள் திரியும் காடு என்பதால் உணவை அங்குள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டும்.

படி 3: வெயில் ஏறும் முன் ஏரியைச் சுற்றுங்கள்

சுற்றுப்பாதை ஏறக்குறைய 3 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். குழந்தைகளும் பெரியவர்களும் சிரமமில்லாமல் நடக்கலாம். எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் சரி, மேற்குக் கரைக்கு வந்ததும் நின்றுவிடுங்கள். எதிரே 3,187 மீட்டர் உயர லாசன் சிகரம், அதற்கு இடப்புறம் கேயாஸ் கிராக்ஸ் என்ற வெளிறிய பாறைக் குவியல். காற்று கிளம்பிவிட்டால் நீரில் மலையின் பிம்பம் கலைந்துவிடும்; அதனால்தான் அதிகாலையை வலியுறுத்துகிறேன். மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை, துடுப்புப் படகுகள் மட்டும்தான். மீன் பிடிக்கலாம், பிடித்ததைத் திரும்ப நீரில் விட்டுவிட வேண்டும்.

படி 4: லூமிஸ் அருங்காட்சியகத்துக்குள் போங்கள்

ஏரிக்கு அருகிலேயே கல்லால் கட்டிய சிறிய கட்டடம். 1914 மே மாதம் லாசன் விழித்துக்கொண்டது. அந்த ஜூன் 14 அன்று பி. எஃப். லூமிஸ் என்பவர் இந்த ஏரியின் அருகிலிருந்து எரிமலை வெடிப்பதை வரிசையாகப் படம் எடுத்தார். 1915 மே 22-இல் நடந்த பெருவெடிப்பில் சாம்பல் 9 கிலோமீட்டருக்கு மேல் எழுந்தது. அடுத்த ஆண்டே இந்த இடம் தேசியப் பூங்காவானது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அதே சிகரத்தை இன்னொரு தடவை பாருங்கள். அமைதியாக நிற்கும் அந்த மலை வேறு மாதிரி தெரியும்.

படி 5: ஏரி பிறந்த இடத்தைப் பாருங்கள்

இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சாலையில் இன்னும் சற்றுத் தூரம் போனால் இருபுறமும் உடைந்த பாறைகளும் குட்டையான மரங்களும் நிறைந்த பரப்பு வரும்: கேயாஸ் ஜம்பிள்ஸ். கேயாஸ் கிராக்ஸ் என்பது சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் கெட்டியான எரிமலைக் குழம்பு பிதுங்கி எழுந்த குவிமாடங்கள். ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்கு முன் அவற்றில் ஒன்று இடிந்து சரிந்தது. பாய்ந்து வந்த பாறைகள் மான்சனிட்டா ஓடையை அடைத்தன. தேங்கிய நீர்தான் நீங்கள் சுற்றி வந்த ஏரி. அப்படியொரு சரிவு மறுபடி நேரலாம் என்ற அச்சத்தில் 1974-இல் ஏரிக்கரையில் இருந்த விடுதியையும் பார்வையாளர் மையத்தையும் மூடினார்கள்.

சாலையோரம் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. இறங்கிப் பாருங்கள், ஆனால் பாறைகளின் மேல் ஏறாதீர்கள். பல கற்கள் காலடியில் ஆடும்.