மெத்தும் ஓபியாய்டும் சேர்ந்தால் உயிரைக் காப்பது எப்படி

மெத் (மெத்தாம்பெட்டமைன் என்ற ஊக்கப் போதைப்பொருள்) விழிக்க வைக்கும், ஓபியாய்டு வகைப் போதைப்பொருட்களான ஹெராயினும் ஃபென்டனிலும் அமுக்கும், அதனால் ஒன்றை மற்றது சரிக்கட்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தப்பு. மெத்தின் விறுவிறுப்பு மூச்சு குறைவதை மறைக்கும், நிறுத்தாது; இதயமோ இரண்டுக்கும் நடுவே கிடந்து திணறும்.

தனியாக இருக்கும்போது எடுக்காதீர்கள். கொஞ்ச நாள் விட்டிருந்தால் பழைய அளவே கொன்றுவிடலாம், உடலின் தாங்கும் சக்தி அதற்குள் குறைந்திருக்கும்.

ஒருவர் எழுப்பியும் எழவில்லை, உதடு நீலமாகிறது, தொண்டையில் கரகரவென்று சத்தம் வருகிறது என்றால் யோசிக்காதீர்கள். ஓபியாய்டு கண்மணியைச் சுருக்கும் என்றாலும், அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், மெத் அதை விரித்துக் காட்டலாம். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்சோன் மருந்து ஸ்பிரேயை மூக்கில் அடித்து, தலையைப் பின்னால் சாய்த்து 5 விநாடிக்கு ஒருமுறை வாய்வழி மூச்சு கொடுங்கள். 2 அல்லது 3 நிமிடத்தில் மூச்சு திரும்பவில்லையா, இன்னொரு டோஸ். மூச்சு வந்ததும் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், ஆனால் விட்டுப் போகாதீர்கள்: நலாக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்து மயக்கம் மறுபடி வரலாம்.

மெத்தின் வேலையை நலாக்சோன் போல முறிக்கும் மருந்து கிடையாது. உடம்பு கொதித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, வலிப்பு வந்தாலோ ஈரத்துணியால் குளிர்வித்தபடியே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், மெத்தை விட்டால்தான் ஓபியாய்டு பழக்கத்துக்கான மெத்தடோன், புப்ரெனார்ஃபின் மருந்துச் சிகிச்சையில் சேரலாம் என்று காத்திருக்காதீர்கள். இப்போதே கேட்கலாம்.