தொட்டால் மின்னூட்டம் எப்படிப் பங்காகிறது? எவர்சில்வர் டம்ளர்களைக் கொண்டு ஒரு செய்முறை

இச்செய்முறைக்கு வறண்ட காற்று தேவை. வேலூரில் மாசி முதல் சித்திரை வரையிலான நண்பகல்கள் இதற்கு மிகவும் ஏற்றவை; ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் காப்பான்களின் (மின்சாரத்தைக் கடத்தாத பொருள்களின்) மேல் படியும் ஈரத்தின் வழியே மின்னூட்டம் கசிந்துவிடும் என்பதால், அப்போது முயல்வது வீண்.

ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களைத் தனித்தனித் தெர்மாகோல் துண்டுகளின் மேல் நிறுத்துங்கள். சமையலறை அலுமினியத் தாளில் விரல் நீளப் பட்டைகளை வெட்டி, ஒவ்வொரு விளிம்பிலும் ஒன்றை மடித்து வெளிப்புறம் தொங்கவிடுங்கள்; பட்டை உலோகத்தை நேரடியாகத் தொட வேண்டும்.

அடுத்து, பிவிசி குழாயைக் கம்பளித் துணியால் தேய்த்து, முதல் டம்ளரின் விளிம்பில் உரசியபடி நீளவாக்கில் இழுங்கள். குழாய் காப்பான் ஆதலால், தொட்ட இடத்திலுள்ள எலக்ட்ரான்கள் மட்டுமே இறங்கும். சில முறை இழுத்ததும், ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால், பட்டை டம்ளரைவிட்டு விலகி நிற்கும்.

இப்போது இரண்டாம் டம்ளரை அதன் தெர்மாகோலைப் பிடித்தே நகர்த்தி, முதலாவதைத் தொடச் செய்து, பிறகு நன்றாக விலக்கிவிடுங்கள். அருகில் இருக்கும்போதே பட்டைகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; அருகிலுள்ள மின்னூட்டம் தொடாமலேயே மற்றதன் எலக்ட்ரான்களை இடம் மாற்றும் தூண்டல் விளைவு கண்ணை ஏமாற்றும். விலக்கிய பின், முதல் பட்டை சற்றுத் தாழ்ந்தும் இரண்டாவது எழுந்தும் இருக்கும்.

முதல் டம்ளரில் −8 நானோகூலும் (நானோகூலும் என்பது மின்னூட்டத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) இருந்ததாகக் கொண்டால், இப்போது இரண்டிலும் −4 வீதம் இருக்கும். அதாவது ஏறத்தாழ 2,500 கோடி எலக்ட்ரான்கள் இடம்பெயர்ந்துள்ளன. இரண்டாவதில் முன்பே +2 இருந்திருந்தால், கூட்டுத்தொகையான −6 பாதியாகி, ஒவ்வொன்றிலும் −3 அமையும். தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது நேர் மின்னூட்டத்தில்தான்: நேர் மின்னூட்டம் பெற்ற டம்ளரை மின்னூட்டமற்ற டம்ளர் தொட்டால் புரோட்டான்கள் நகர்வதில்லை, மின்னூட்டமற்றதிலிருந்து எலக்ட்ரான்கள் நேர் மின்னூட்டம் உள்ளதற்குச் செல்கின்றன.

சமமாகப் பிரிவதற்குக் காரணம் டம்ளர்களின் ஒத்த அளவே. இரண்டாம் டம்ளருக்குப் பதிலாகத் தெர்மாகோல் மேல் வைத்த எவர்சில்வர் குடத்தைத் தொடச் செய்தால், டம்ளரின் பட்டை முன்னைவிட மிகவும் தாழும். எலக்ட்ரான்களின் ஓட்டம் நிற்பது இரு பொருள்களின் மின்னழுத்தமும் சமமாகும்போதுதான். அந்த நிலையை எட்டப் பெரிய கடத்திக்குக் கூடுதல் மின்னூட்டம் வேண்டும். வெகுதொலைவில் வைத்து மெல்லிய கம்பியால் இணைத்த இரு கோளங்களில் இப்பங்கீடு ஆரங்களின் விகிதத்திலேயே அமையும்: ஆரம் 3 மடங்கானால், பெரியதற்கு முக்கால் பங்கு.