பிரிண்டில் நிழல் அடைத்துக்கொள்கிறதா? படத்தைத் தொடாதீர்கள், ஒரு பட்டையை அச்சடியுங்கள்

புங்க மர நிழலில் படுத்திருந்த எருமை ஒன்றைப் படம் எடுத்திருந்தேன். மானிட்டரில் கழுத்து மடிப்பு, முதுகில் காய்ந்து ஒட்டிய சேறு, காதோர மயிர் எல்லாம் தெரிந்தன. மினுமினுப்பு இல்லாத மேட் பேப்பரில் பிரிண்ட் போட்டதும் எல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டன. படத்தை வெளிச்சமாக்கி மறுபடி மறுபடி அச்சடித்ததில் நான்கு தாள் போனது, பிரச்சினை எங்கே என்று மட்டும் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ புதிய ஃபைல் ஒன்றை எடுத்து முழுக்க 0 கறுப்பால் நிரப்புங்கள் (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை). அதன்மேல் வரிசையாகச் சிறு கட்டங்கள் போடுங்கள்: 2, 4, 6 என்று 30 வரை, ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே எண். இதுதான் நம் சோதனைப் பட்டை. முக்கியமான விஷயம், உங்கள் படம் எந்தக் கலர் ஸ்பேஸில் (எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற வரையறை) இருக்கிறதோ அதிலேயே இதையும் செய்யுங்கள். எஸ்ஆர்ஜிபியில் 8 என்ற எண்ணுக்கு உள்ள வெளிச்சம், அடோபி ஆர்ஜிபியில் அதே 8-க்கு உள்ளதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. இரண்டையும் கலந்தால் சோதனையே பொய்யாகிவிடும்.

நாசில் செக் (பிரிண்டரின் இங்க் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்ற சோதனை) பார்த்துவிட்டு, வழக்கமான பேப்பரில் வழக்கமான செட்டிங்கில் அச்சடியுங்கள். உடனே பார்த்து முடிவு செய்ய வேண்டாம், ஒரு நாள் காயட்டும். அப்புறம் பகலில் ஜன்னல் பக்கம் வைத்து, பின்னணிக் கறுப்பிலிருந்து முதலில் பிரிந்து தெரிகிற கட்டம் எது என்று பாருங்கள். மினுமினுக்கும் க்ளாஸி பேப்பரில் சீக்கிரமே பிரியும். மேட் பேப்பரின் கறுப்பு அவ்வளவு ஆழமாக இருக்காது, அதனால் கொஞ்சம் தள்ளித்தான் பிரியும், அது இயல்பு. ஆனால் 20 தாண்டியும் ஒரே கறுப்பு என்றால் செட்டிங்கில் ஏதோ தப்பு என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். முதலாவது, மீடியா டைப், அதாவது பிரிண்ட் செட்டிங்கில் தேர்ந்தெடுக்கும் பேப்பர் வகை. அதுதான் எவ்வளவு இங்க் விழ வேண்டும் என்று சொல்கிறது, பல பிரிண்டர்களில் எந்தக் கறுப்பு இங்க், போட்டோ பிளாக்கா மேட் பிளாக்கா என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. பேப்பர் தாங்குவதற்கு மேல் இங்க் கொட்டினால் நிழல் அடைக்காமல் என்ன செய்யும்? இரண்டாவது, இரட்டை வேலை: போட்டோஷாப் ஐசிசி ப்ரொஃபைலை (பிரிண்டரும் பேப்பரும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ஃபைல்) வைத்து நிறத்தை மாற்றி அனுப்ப, டிரைவரும் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) தன் பங்குக்கு ஒருமுறை மாற்றும். சாம்பல் கட்டங்களில் செம்மையோ பச்சையோ ஏறியிருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். நிறத்தை ஒருவர்தான் கையாள வேண்டும், போட்டோஷாப் என்றால் டிரைவரில் கலர் அட்ஜஸ்ட்மென்ட்டை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவதில்தான் நான் மாட்டியிருந்தேன். பிரிண்ட் செட்டிங்கில் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் என்ற நிறமாற்ற முறையில் அச்சடிக்கும்போது, பிளாக் பாயிண்ட் காம்பன்சேஷன் என்ற தேர்வு டிக் இல்லாமல் இருந்தது. அது இல்லாவிட்டால், பேப்பர் காட்டக்கூடிய கறுப்பைவிட இருண்ட எண்கள் அத்தனையும் அந்த ஒரே கறுப்பில் போய் விழும். டிக் போட்டால் ஃபைலின் கறுப்பு பேப்பரின் கறுப்போடு பொருத்தப்பட்டு, நடுவில் உள்ள படிகள் நெருக்கமாகவாவது பிழைத்துக்கொள்ளும். அதே பட்டையை டிக்கோடு ஒன்று, டிக் இல்லாமல் ஒன்று என்று அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு டிக் இல்லாததில் 18-லும், டிக் போட்டதில் 10-லும் கட்டம் பிரிந்தது.

பட்டை சரியாக வந்தும் படம் மட்டும் இருட்டு என்றால் மானிட்டரைப் பாருங்கள். பலரும் பிரைட்னஸை முழுதாக ஏற்றி வைத்திருப்பார்கள், பிரிண்ட் வேலைக்குத் திரை வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா போதும்.

இதெல்லாம் முடிந்த பிறகே படத்தில் கை வையுங்கள். பட்டை எனக்கு 10 என்று சொன்னதால், எருமையின் கழுத்து மடிப்பு 6, 7-ல் கிடந்ததை கர்வ்ஸில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 14-க்குத் தூக்கினேன், கண்ணின் கருமணியை மட்டும் 0-விலேயே விட்டேன். இப்போது சேற்றின் வெடிப்புகூடத் தெரிகிறது. பட்டையின் பின்புறம் பேப்பர் பெயர், ப்ரொஃபைல், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், பேப்பரோ இங்க்கோ மாறினால் மறுபடி ஒன்று அச்சடித்து அதனோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.