பழைய கொடி கிரனாஷ்: வாங்கும்போதும் குடிக்கும்போதும்

கிரனாஷ் என்பது சிவப்பு வைனுக்கான ஒரு திராட்சை வகை. அதன் பாட்டிலில் 'பழைய கொடி' என்று போட்டிருந்தால் கொடியின் வயதையும் விசாரியுங்கள். பிரான்சில் 'வியேய் வீன்' (பழைய கொடி) என்று அச்சிடச் சட்டப்படி வயது வரம்பே கிடையாது. ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் 2009 முதல் தெளிவான கணக்கு உண்டு: 35 வயது தாண்டினால் 'ஓல்டு', 70 என்றால் 'சர்வைவர்', 100 'சென்டினேரியன்', 125 'ஆன்செஸ்டர்'. ஸ்பெயின் பாட்டில்களில் இதே திராட்சையைக் 'கர்னாச்சா' என்று தேடுங்கள்.

வயதான கொடி காய்ப்பது குறைவு. கொஞ்சக் குலைகளுக்கே முழுச் சத்தும் போவதால் சுவை செறிவாக இருக்கும். ஆனால் நிறம் வெளிறித்தான் தெரியும். கிரனாஷின் தோல் மெல்லியது. கிளாஸுக்குப் பின்னால் விரல் தெரிகிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள், மோந்து பாருங்கள். முதலில் ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, அப்புறம் வெள்ளை மிளகு, காய்ந்த மூலிகை.

முக்கியமானது சூடு. இதில் ஆல்கஹால் பெரும்பாலும் 14.5 சதவீதத்தைத் தொடும். வெப்பமான அறையில் வைத்து ஊற்றினால் நெடிதான் மூக்கில் ஏறும், பழவாசனை அமுங்கிப்போகும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, 15, 16 டிகிரியில் ஊற்றுங்கள். அதே வைன் வேறாகத் தெரியும். ஆட்டிறைச்சி வறுவல் கூட இருந்தால் இன்னும் நல்லது. திறந்த பாட்டிலை இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள், கிரனாஷ் காற்றுப் பட்டால் சீக்கிரம் மங்கிவிடும்.