சங்கக் கமிட்டியில் சேர்வது எப்படி? ஒரு பீன்யா பட்டறைக்காரரின் குறிப்பு

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் இரண்டு சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்), ஒரு மில்லிங் மெஷின் வைத்து, மற்ற கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்துதரும் ஜாப் வொர்க் செய்கிறேன். பட்டறை முதலாளிகள் சங்கத்துக்குச் சந்தா கட்டிவிட்டு, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வருவதோடு என் உறவு நாலு வருஷம் முடிந்திருந்தது. இப்போது மூன்றாவது வருஷமாகச் சப்-கமிட்டியில் இருக்கிறேன். ஓசூரிலிருந்து வந்து புதிதாக ஷெட் எடுத்த தம்பி ஒருவர், "அண்ணா, கமிட்டின்னா எலெக்‌ஷன்ல நிக்கணுமா?" என்று கேட்டார். தேர்தல் நிர்வாகக் குழுவுக்குத்தான். சப்-கமிட்டிகளுக்கு ஆள் கிடைக்காமல்தான் திண்டாடுகிறார்கள்.

முதலில் எந்தச் சங்கம் என்று முடிவு செய்யுங்கள். பெங்களூரில் இது அடுக்கடுக்காக இருக்கிறது. விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்தபோது 1916-இல் மைசூர் வர்த்தக சபையாகத் தொடங்கிய எஃப்கேசிசிஐ மாநிலம் முழுமைக்குமானது. சிறுதொழில்களுக்கென்றே 1949-இல் வந்தது காசியா. இயந்திரக் கருவிகள் தயாரிப்பவர்களுக்கு ஐஎம்டிஎம்ஏ. இவற்றுக்குக் கீழே அந்தந்தத் தொழிற்பேட்டைச் சங்கம். புதியவர்கள் பேட்டைச் சங்கத்தில் தொடங்குவதுதான் நல்லது என்பேன். ஷிஃப்ட் மாறின கையோடு வண்டியை எடுத்தால் கூட்டத்துக்குப் போய்விடலாம். தூரமாக இருந்தால் இரண்டு கூட்டத்தோடு நின்றுவிடுவீர்கள்.

அடுத்து சங்கத்தின் பைலாவை, அதாவது விதிமுறைப் புத்தகத்தை, வாங்கிப் படியுங்கள். சந்தா பாக்கி இருந்தால் ஓட்டு உண்டா, சப்-கமிட்டிக்கு யார் ஆள் நியமிப்பது, இந்த இரண்டைப் பார்த்தால் போதும்.

கமிட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் பட்டறையில் எது வலிக்கிறதோ அதை எடுங்கள். மின்சாரம், ஜிஎஸ்டி, தொழிலாளர் பயிற்சி, வராத பணம் என்று எதுவாகவும் இருக்கலாம். விழாக் கமிட்டிக்கு முதலில் போகாதீர்கள். மேடை, மாலை, சாப்பாடு என்று வருஷம் ஓடிவிடும்.

சேர்வதற்கு மனு எதுவும் வேண்டாம். மாதக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் செயலாளரைப் பிடித்து, "மினிட்ஸ் நான் எழுதித் தரட்டுமா சார்?" என்று கேளுங்கள். மினிட்ஸ் என்றால் கூட்டக் குறிப்பு. யாருக்கும் பிடிக்காத வேலை, மறுக்க மாட்டார்கள். பேச்சு பெரும்பாலும் கன்னடத்தில்தான் இருக்கும். தப்பும் தவறுமாகவாவது கன்னடத்திலேயே பேசுங்கள். நான் ஆறு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தது வீண்.

மினிட்ஸில் யார் என்ன பேசினார் என்று பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். முடிவு, பொறுப்பு, தேதி, மூன்றே வரி. உதாரணம்: "டிரான்ஸ்ஃபார்மர் பிரச்சினைக்காக ஏஇஇ-யைச் சந்திப்பது. பொறுப்பு செயலாளரும் நானும். 18-ஆம் தேதிக்குள்." (ஏஇஇ என்றால் மின்சார அலுவலகத்தின் உதவி செயற்பொறியாளர்.) மறுநாள் காலை பதினொரு மணிக்குள் குரூப்பில் போட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் போட்டால், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பேர் போட்டு எழுதியதை அடுத்த கூட்டத்தில் வாசித்தாலே பாதி வேலை நடக்கும்.

அப்புறம் மனு எழுதும் வேலை வரும். "அடிக்கடி கரண்ட் போகிறது" என்று நாங்கள் முன்பு கொடுத்த கடிதங்களுக்கு "கவனிக்கப்படும்" என்ற பதில்தான் வந்தது. பிறகு பன்னிரண்டு பட்டறைகளுக்கு ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தோம். கரண்ட் போன நேரம், வந்த நேரம், நின்ற மெஷின், உடைந்த இன்செர்ட் (வெட்டும் முனை), ஸ்கிராப் ஆன ஜாப் (வீணான பாகம்) எல்லாவற்றையும் ஆபரேட்டர் அங்கேயே எழுத வேண்டும். கட்டிங் நடுவில் கரண்ட் போனால் டூல் ஜாபிலேயே மாட்டிக்கொள்ளும். கரண்ட் வந்த பிறகு அதை விடுவித்து, ரெஃபரன்ஸ் (தொடக்கப் புள்ளி) எடுத்து மறுபடி ஓட்ட அரை மணியாவது ஆகும். ஐந்து நிமிஷ கட் என்று மின்சார அலுவலகத்தில் எழுதுவது நமக்கு ஐந்து நிமிஷம் இல்லை. ஒரு மாத நோட்டுகளை மேஜையில் அடுக்கியதும் அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார். முக்கால்வாசி கட் ஒரே ஃபீடரில் (பேட்டைக்கு வரும் மின் லைனில்), மாலை நாலு மணியை ஒட்டி. "ஈ ஃபீடரா?" (இந்த ஃபீடரா?) என்று கன்னடத்தில் கேட்டு, அங்கேயே லைன்மேனுக்குப் போன் போட்டார்.

பணம் வராத கதையில் மட்டும் ஜாக்கிரதை. சிறு, குறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதை விளக்கும் வேகத்தில் எனக்குப் பாக்கி வைத்திருந்த பார்ட்டியின் பெயரைக் கூட்டத்தில் உளறிவிட்டேன். அவருடைய மச்சான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று மாதம் ஆர்டர் வரவில்லை. பாக்கி மட்டும் அப்படியே நின்றது. சொந்த வழக்கைக் கூட்டத்துக்குக் கொண்டு போகாதீர்கள், அதற்கு அந்தச் சட்டப்படி அமைந்த ஃபெசிலிடேஷன் கவுன்சில் இருக்கிறது. தலைவர் கையெழுத்து இல்லாமல் "சங்கம் சொல்கிறது" என்று வெளியிலும் பேசாதீர்கள்.

மாதம் ஆறேழு மணி நேரம் போகும். அதற்கு மேல் இழுத்தால் மெஷின் பக்கம் அடி விழும், வீட்டிலும் விழும். விலகும்போது கடித நகல்கள், அந்த நோட்டுகள், வாட்ஸப் குரூப்பின் அட்மின் பொறுப்பு, மூன்றையும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். எனக்கு முன்னால் இருந்தவர் ஃபைலை வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.